மேடை நடுக்கத்துக்கு மூச்சா, மாத்திரையா, பழக்கமா?

வயலின் வாசிப்பவர்களிடம் மேடையில் எது கடினம் என்று கேட்டால் வேகமான பகுதியைச் சொல்ல மாட்டார்கள். மெல்லிய ஒலியில், ஒரே இழுப்பில் நீண்டுகொண்டே போகும் ஒற்றைச் சுரத்தைத்தான் சொல்வார்கள். வேகத்தில் கை நடுங்கினால் யாருக்கும் தெரியாது. நீண்ட சுரத்தில் வில் தந்தியின்மேல் ஒருமுறை துள்ளினாலும் கடைசி வரிசை வரை கேட்கும். 22 வயதில் எனக்கு அது நேர்ந்தது. அன்றைக்கு முதல் சுரமே அப்படிப்பட்டது. வீட்டில் நூறு முறை வழுக்கிக்கொண்டு வந்த சுரம் மேடையில் துண்டு துண்டாக வந்தது.

இறங்கி வந்ததும் ஒருவர், "ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்திருக்கலாமே" என்றார். இன்னொருவர், "இதற்கு மாத்திரை இருக்கிறது" என்றார். மூன்றாமவர், "இன்னும் பத்து மேடை ஏறுங்கள், தானாகப் போய்விடும்" என்றார். மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எது எப்போது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு இந்த மூன்றையும், வேறு சிலவற்றையும் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்துவிட்டேன். இப்போது வாசிப்பதைவிடப் பேசுவதற்காகவே அதிகம் மேடை ஏறுகிறேன். நடுக்கம் இன்றும் வருகிறது. வந்தால் என்ன செய்வது என்பது தெரிகிறது. மேடை நாள் குறிக்கப்பட்டு, தூக்கம் கெட்டு, எதைக் கையில் எடுப்பது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த மூவரும் ஒரே கேள்விக்கு மூன்று விடைகளைச் சொன்னார்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே இரண்டு கேள்விகள் இருந்தன. இன்று மாலை இந்த உடலை எப்படி அடக்குவது என்பது ஒன்று. மூச்சும் மாத்திரையும் அதற்கான விடைகள். அடுத்த முறை இவ்வளவு பயம் எழாமல் இருக்க என்ன செய்வது என்பது மற்றொன்று. அதற்குப் பழக்கம் மட்டுமே விடை. ஒன்றிடம் மற்றொன்றின் வேலையை எதிர்பார்த்து, எதுவுமே தனக்குப் பலிக்கவில்லை என்று சோர்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

உடல் என்ன செய்கிறது?

பல கண்கள் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கும்போது மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. உடலை ஆபத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து, பெரிய தசைகளுக்குத் திருப்பப்படுகிறது; விரல்கள் சில்லிடுவதும் வயிற்றைப் பிசைவதும் அதனால்தான். உமிழ்நீர் வற்றி நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தசைகளில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் மெல்லிய அதிர்வு பெரிதாகிக் கை உதறுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். ஓட வேண்டியவருக்கு இந்த ஆயத்தம் உயிர் காக்கும். அசையாமல் நின்று வில்லை இழுக்க வேண்டியவருக்கும், கையில் தாளைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டியவருக்கும் இதில் பாதி இடைஞ்சல்தான்.

நடுங்குவதைத் தன் குணக்குறையாக எண்ணி வெட்கப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தத்தை ஆய்வகத்தில் வரவழைப்பதற்கான முறை ஒன்றை வெளியிட்டார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் மனக்கணக்குப் போட வேண்டும். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கே அழுத்தச் சுரப்பான கார்டிசோல் ஏறிவிடும். இன்றும் உலகெங்கும் ஆய்வகங்கள் இந்த முறையைத்தான் கையாள்கின்றன. மனிதரை அழுத்தத்துக்கு உள்ளாக்க வேண்டுமா, நாலு பேர் முன்னால் பேசவை என்பதே அறிவியல் கண்டுகொண்ட வழி. நமக்கு மட்டும் நடுங்குவதாக எண்ணத் தேவையில்லை.

முடுக்கிவிடும் நரம்புகளுக்கு எதிராக, அடக்கும் நரம்புகளும் உடலில் உண்டு. அவற்றில் முதன்மையானது மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு. 1921-இல் ஓட்டோ லோவி என்ற அறிஞர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பு மந்தமானதும் அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மந்தமானது. நரம்பு ஒரு வேதிப்பொருளை விடுகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 1936-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் நொடிக்கணக்கில் வேலை செய்து நொடிக்கணக்கில் சிதைந்துவிடுகிறது. மூச்சுப் பயிற்சியின் பலமும் பலவீனமும் இதில் அடங்கியிருக்கின்றன.

மூச்சு

"ஆழமாக மூச்சை இழு" என்பது நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் அரைகுறை அறிவுரை. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் இன்னும் பெரிதாக, வேகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மரமரக்கின்றன. அதை உணர்ந்ததும் பயம் இன்னும் கூடுகிறது. 22 வயதில் மேடைக்குப் பின்னால் நின்று நான் செய்ததும் இதுதான்.

இப்போதே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது தளர்வதையும் பலர் விரலாலேயே உணரலாம். மூச்சை இழுக்கும்போது வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது, விடும்போது இறுக்குகிறது. ஆகவே வெளிமூச்சு நீள வேண்டும். நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த ஒரு கணக்கு போதும். இதற்கு மேல் நுணுக்கங்கள் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு வடிவமும் உண்டு. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன்மேலேயே இன்னொரு சிறு மூச்சைச் சேர்த்து இழுத்து, வாய்வழியாக நீளமாகப் பெருமூச்சு விடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் இப்படிப் பெருமூச்சு விட்டவர்களை, வேறு இரண்டு மூச்சு முறைகளையும் கவனத் தியானத்தையும் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மனநிலை தேறியதிலும் சாதாரண மூச்சு வேகம் குறைந்ததிலும் பெருமூச்சுக்காரர்களே முன்னால் நின்றார்கள். தினமும், ஒரு மாதம் என்பதைக் கவனியுங்கள். மேடையேறும் அன்றைக்கு முதல்முறையாக மூச்சை எண்ணத் தொடங்குபவர், கவலைப்பட இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொள்கிறார்.

எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது மூச்சைத்தான். செலவில்லை, பக்கவிளைவில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் செய்யலாம். அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் பிடி விட்டுவிடுகிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது அதைச் சற்று இறக்கும். அமைதி வரை கொண்டுபோகாது. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே திகிலை வரவழைக்கும். அப்படிப்பட்டவர்கள் மூச்சை மறந்துவிட்டு மெதுவாக முனகலாம். முனகும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது.

பயத்தின் பெயரை மாற்றுவது

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருக்கிறது. படபடப்பை இறக்க முயலாமல், "இது பயமில்லை, உற்சாகம்" என்று சொல்லிக்கொள்வது. முதலில் கேட்டபோது எனக்கு இது வெறும் வாய்வார்த்தையாகவே பட்டது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு எண்ணம் மாறியது. அந்நியர்கள் முன்னால் பாட வேண்டியவர்களில் சிலரை "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றும், சிலரை "நான் பதற்றமாக இருக்கிறேன்" என்றும் சொல்லவைத்தார். கணினி அளந்த பாட்டுத் துல்லியத்தில் முதல் குழு ஏறக்குறைய 80 சதவீதமும் இரண்டாவது குழு 53 சதவீதமும் பெற்றன. பேச்சிலும் அதே போக்கு: "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்றவர்கள் கேட்டவர்களை அதிகம் ஈர்த்தார்கள். ஆனால் இதயத் துடிப்பு குறையவில்லை. அதைக் குறைக்காமலேயே பலன் கிடைத்தது என்பதுதான் இதில் முக்கியம்.

உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது. படபடத்துக்கொண்டிருக்கும் உடலை அமைதிக்குக் கொண்டுவர நெடுந்தூரம் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் உற்சாகத்துக்கு நகர்வது எளிது.

அப்படியென்றால் மூச்சை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொள்ளலாமா? மேடையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேச்சாளருக்கும் நடிகருக்கும் வேகம் கூடுவதில் நன்மை உண்டு. குரலில் உயிர் வரும், கண்ணில் ஒளி வரும். என் நீண்ட சுரத்துக்கு அது உதவாது. எவ்வளவு உற்சாகமாக உணர்ந்தாலும் அட்ரினலின் தசையில் ஏற்றிய அதிர்வு அப்படியே இருக்கும்; வில் துள்ளத்தான் செய்யும். அங்கே உடலை உண்மையிலேயே இறக்கியாக வேண்டும். நுண்ணிய கைவேலை இருப்பவர்கள் மூச்சின் பக்கமும், குரலாலும் முகத்தாலும் ஆளைப் பிடிக்க வேண்டியவர்கள் உற்சாகத்தின் பக்கமும் சாயலாம். பேசப் போகும் நாட்களில் நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் முன்பு வரை மூச்சு. பெயர் அழைக்கப்படும்போது மூச்சை எண்ணுவதை நிறுத்திவிட்டு, சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு பகுதியை நினைத்துக்கொண்டு எழுந்து போகிறேன்.

மாத்திரை

பலரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். தாழ்த்தத் தேவையில்லை. பீட்டா பிளாக்கர் எனப்படும் மருந்துகள் இதயநோய்க்காக உருவாக்கப்பட்டவை. அவற்றில் ப்ரோப்ரனலாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் வந்து அமரும் இடங்களை இவை முன்கூட்டியே அடைத்துக்கொள்கின்றன. அட்ரினலின் சுரக்கும், ஆனால் இதயத்துக்கும் கைத்தசைக்கும் அது சொல்வது எட்டாது.

1977-இல் வெளியான ஓர் ஆய்வில், தந்தி வாத்தியம் வாசிக்கும் 24 கலைஞர்களுக்கு இவ்வகை மருந்தான ஆக்ஸ்ப்ரெனலாலையும், ஒன்றுமில்லாத போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் வாசிக்கவைத்தார்கள். மருந்தோடு வாசித்தபோது வாசிப்பு மேம்பட்டது. அதிகம் நடுங்குபவர்களிடம்தான் பலன் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க இசைக்குழுக்களின் கலைஞர்கள் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கில், நான்கில் ஒருவருக்கு மேல் பீட்டா பிளாக்கர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். கை நடுக்கத்தை இது எவ்வளவு நிறுத்தும் என்பதற்கு விளையாட்டு உலகமே சாட்சி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங்-சூ, உடலில் ப்ரோப்ரனலால் இருந்ததால் வென்ற இரண்டு பதக்கங்களையும் இழந்தார்.

எதைச் செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளங்கை வியர்வை நிற்காது. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவது அசிட்டைல்கோலின் என்பதால் இந்த அடைப்பு அங்கே செல்லாது. "என்ன நினைப்பார்களோ, மறந்துவிட்டால் என்ன ஆகும்" என்று மனம் ஓயாமல் அரித்துக்கொண்டிருப்பவருக்கு உடல் அமைதியாகி மனம் மட்டும் தொடர்ந்து அரிக்கலாம். ஆகவே உங்கள் தொல்லை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கையிலும் குரலிலும் என்றால் மருந்து பேசும். தலைக்குள் என்றால் அவ்வளவாகப் பேசாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து, மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். நாடித் துடிப்போ இரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. இன்சுலின் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்புதான் எச்சரிக்கை மணி. அந்த மணியை இது அமுக்கிவிடும். நண்பரின் மாத்திரையில் பாதியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, அதைக் கைகூப்பி வேண்டாம் என்கிறேன். மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள், "எனக்கு மேடை நடுக்கம்" என்று. அவர் எழுதிக்கொடுத்தாலும் முதல் மாத்திரையை மேடை நாளில் சாப்பிடாதீர்கள். வீட்டில் சும்மா இருக்கும் ஒரு நாளில் சாப்பிட்டு உடல் எப்படி ஏற்கிறது என்று பாருங்கள்.

மருத்துவர் சொல்லி நானும் இரண்டு முறை சாப்பிட்டேன். வில் துள்ளவில்லை. அந்த இரண்டு மாலைகளும் எனக்குப் பெரிய ஆறுதல். என் கைக்கு அந்தச் சுரம் வரும் என்பதைச் சபையில் முதல்முறையாகக் கேட்டேன். மூன்றாவது முறை மாத்திரை இல்லாமல் ஏறியபோது பழைய நடுக்கம் துளிகூடக் குறையாமல் வந்து நின்றது. மருந்தின்மேல் எனக்குக் குறையில்லை. அது அன்றைய வேலையை அன்றைக்கு முடித்துக் கொடுத்தது. பயத்தைக் குறைக்கும் வேலையை நான் இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

மற்ற சில

மது வேண்டவே வேண்டாம். அது பயத்தோடு சேர்த்துக் கணிப்பையும் நேரவுணர்வையும் மழுங்கடிக்கிறது. அடுத்த மேடைக்கும் உடல் அதையே கேட்கும். தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த பதற்ற மருந்துகள் நினைவாற்றலைத் தொடுபவை. மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியவருக்கு அதைவிட மோசமான தேர்வு இல்லை. காபி உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். படபடப்பு எளிதில் வருபவர்கள் அன்று தவிர்க்கலாம்.

முகத்தில் குளிர்ந்த நீரை வைத்து மூச்சை நிறுத்தினால் துடிப்பு தாழும் என்பது உண்மை. நீரில் மூழ்கும் உயிர்களுக்கெல்லாம் இருக்கும் அனிச்சைச் செயல் அது. ஒப்பனையோடு நிற்பவருக்கு அது உதவாது, இதயக் கோளாறு உள்ளவருக்கு நல்லதுமில்லை. உடலை விரித்து வீரமான தோரணையில் இருந்தால் சுரப்புகள் மாறும் என்று 2010-இல் ஓர் ஆய்வு பெயர் பெற்றது. பிறகு அதிகமானவர்களைக் கொண்டு செய்து பார்த்தபோது அந்தச் சுரப்பு மாற்றம் கிடைக்கவில்லை. ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016-இல் தன் நம்பிக்கையை விலக்கிக்கொண்டார்.

ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மட்டும் ஒதுக்கிவிட மனம் வரவில்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் வகுத்தது. பழகச் சில வாரங்களாகும், படுத்துக்கொண்டு செய்ய வேண்டும். மேடைக்குப் பின்னால் பயன்படாது. முந்தைய இரவில் உறக்கம் வராமல் புரள்பவருக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பழக்கம்

"பத்து மேடை ஏறினால் போய்விடும்" என்ற மூன்றாமவரின் சொல்லுக்கு வருகிறேன். வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான செலோவில் மேதையான பாப்லோ கசால்ஸ் 1901-இல் சான் பிரான்சிஸ்கோ அருகே மலையேறப் போனபோது, உருண்டு வந்த பாறை அவர் இடக்கை விரல்களை நசுக்கியது. அந்தக் கணத்தில் முதலில் தோன்றியது, இனி செலோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். கை குணமாகி, 90 வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தவர் அவர். மேடைப் பயமும் கடைசிவரை கூடவே இருந்தது. எண்ணிக்கை மட்டும் பயத்தைக் கரைக்கும் என்றால் அவரிடம் அது எப்போதோ கரைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பழக்கம் வீணா? இல்லை. பழகும் விதத்தில்தான் இருக்கிறது. பயப்படுவதை எதிர்கொள்ளும்போது பழைய பயம் அழிவதில்லை. "நினைத்தது நடக்கவில்லை" என்ற புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது. அந்தப் பாடம் பதிய வேண்டுமானால் நினைத்தது என்ன என்பது முதலில் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: "குரல் நடுங்கும், எல்லோரும் கவனித்துச் சிரிப்பார்கள்." இறங்கி வந்ததும் அதைப் படித்துப் பாருங்கள். குரல் நடுங்கியிருக்கலாம். சிரித்தார்களா? பத்து தாள்கள் சேர்ந்த பிறகு அவற்றை வரிசையாகப் படிப்பது, யார் சொல்லும் ஆறுதலையும்விட வலுவானது.

நாம் நடுங்குவது நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்பதும் ஆராயப்பட்ட உண்மை. கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று கணித்ததைவிடக் கேட்டவர்களுக்குக் குறைவாகவே தெரிந்திருந்தது. பேசுவதற்கு முன்பே இந்த உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஒரு வாக்கியம் தெரிந்துகொண்டதற்கே பலன். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

படிகள் சிறியவையாக இருக்கட்டும். முதலில் கைபேசியில் பதிவு. பிறகு ஒருவர் முன்னால், பிறகு நான்கு பேர், பிறகு தெரியாதவர்கள் கலந்த சிறு கூட்டம். ஒரே படியை இடைவெளி விட்டுப் பலமுறை செய்யுங்கள். தொடங்கும் நிமிடம்தான் பலருக்கு மிகக் கடுமையானது. அது தாண்டினால் துடிப்பு தானே இறங்கத் தொடங்கும். முழு உரையையும் உருப்போடுவதைவிட முதல் நான்கு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நிமிடத்தை அவை கடத்திவிடும்.

எனக்குப் புரியப் பல ஆண்டுகளான ஒன்று இங்கே இருக்கிறது. சிறு படிகளில் பழகும்போது மூச்சு எண்ணிக்கையையும் மாத்திரையையும் வெளியே வைத்துவிடுங்கள். அவற்றோடு ஏறி இறங்கினால், "மூச்சு காப்பாற்றியது, மாத்திரை காப்பாற்றியது" என்றே மூளை எழுதிக்கொள்ளும். நடுக்கத்தோடு நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்ற பாடம் எழுதப்படாது. தோற்றாலும் பெரிய இழப்பில்லாத இடங்களில் வெறும் கையோடு ஏறுங்கள். உங்கள் வேலையோ வாய்ப்போ பணயமாக இருக்கும் மேடையில் எது உதவுமோ அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் எவ்வளவு நாள் இருக்கிறது?

நாளைக்கே மேடை என்றால் பழக்கத்துக்கு நேரமில்லை. இன்றிரவு தசைத் தளர்ச்சி, நாளை நீண்ட வெளிமூச்சு, கடைசி நிமிடத்தில் உற்சாகம். புதிய மருந்து எதையும் முதன்முறையாக நாளை முயலாதீர்கள்.

ஒரு மாதம் இருந்தால் தினமும் ஐந்து நிமிட மூச்சும், வாரத்துக்கு இரண்டு சிறு மேடைகளும். கை நடுக்கமே உங்கள் தொழிலைக் கெடுக்கிறது, தேர்வு மேடை நெருங்குகிறது என்றால் இந்த மாதத்துக்குள்ளேயே மருத்துவரைப் பாருங்கள். மருந்தை ஒத்திகை பார்க்க அப்போதுதான் நாள் இருக்கும்.

மேடை மட்டுமின்றிக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பதும், தொலைபேசியில் பேசுவதும்கூட உங்களால் முடியவில்லை, மாதக்கணக்காக வாய்ப்புகளைத் தவிர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்கள் தனியே சுமக்க வேண்டியதில்லை. அது சமூகப் பதற்றம் என்ற, சிகிச்சை உள்ள நிலையாக இருக்கலாம். உளவியல் நிபுணர் ஒருவரோடு சேர்ந்து அதே படிகளை ஏறும்போது பலருக்கு அது கணிசமாகக் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் வலிக்கிறது.

அடுத்த மாதம் பல ஆண்டுகளுக்குப் பிறகு வயலினோடு ஒரு மேடை ஏறுகிறேன். தொடக்கத்தில் அதே நீண்ட சுரம். இரண்டு வாரமாக வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரிடமும், "ஒரு நிமிடம் உட்காருங்கள்" என்று சொல்லி அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். நேற்று ஏழாவது தாளை எழுதினேன். வில் இரண்டு முறை துள்ளியது. கேட்டவர், அடுத்த சுரம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.